மாரிக் கடலும் நமது முதலும்

மாரி பிறக்கும்போது வன்னியில் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவர் மனதிலும் இரண்டு கேள்விகள் எழும். எவ்வளவு சாமான் இறக்குவது? எவ்வளவு கடன் கொடுப்பது? நெடுங்கேணியில் பலசரக்குக் கடை நடத்துபவரும், பசளையும் விதைநெல்லும் விற்பவரும், சீமெந்தும் கூரைத்தகடும் விற்பவரும் வருடத்தின் பெரிய முதலை ஒக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் வெளியே விடுகிறார்கள். காலபோகத்துக்கு வயல் உழப்படும் காலம் அது. கொடுத்த கடன் திரும்பி வருவது அறுவடைக்குப் பின்னர், மாசி பங்குனியில். இடைப்பட்ட மாதங்கள் வானத்தின் கையில் இருக்கின்றன.

நெடுங்கேணிக்குக் கடற்கரை இல்லை. ஆனாலும் அவ்வூரின் வியாபாரத்தைக் கடல்தான் தீர்மானிக்கிறது. வயலுக்கு வரும் மழை வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய் கரைகளிலிருந்து வரும் மீனும் கருவாடும் கடல் இடம் கொடுத்தால்தான் வரும். புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் நாம் வாங்கும் பருப்பும் சீனியும் கப்பலில் வந்தவை. எனவே மாரிக் கடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும், உலகின் பெரிய கப்பல் நிறுவனங்கள் அதை எவ்வாறு சமாளிக்கின்றன என்பதையும் நமது சிறு வியாபாரிகளும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு

சரக்குக் கப்பலின் வெளிப்பக்கத்தில், நீர்மட்டத்துக்கு அருகே, ஒரு வட்டமும் அதன் பக்கத்தில் ஏணிப்படி போலச் சில கோடுகளும் வரையப்பட்டிருக்கும். கொழும்புத் துறைமுகத்தில் இதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். இதற்குச் சுமைக்கோடு என்று பெயர். சாமுவேல் பிளிம்சோல் என்ற பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றும் கப்பல் முதலாளிகளை எதிர்த்துப் போராடியதன் பயனாக, 1876இல் அந்நாட்டில் இதற்கான சட்டம் வந்தது. இன்று 1966ஆம் ஆண்டின் சர்வதேச சுமைக்கோட்டு உடன்படிக்கை இதை நிர்வகிக்கிறது.

கோடு ஒன்றல்ல, பல என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. வெப்பமண்டலக் கடலுக்கு ஒரு கோடு, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே, 100 மீற்றருக்கு மேற்படாத கப்பல்களுக்கென்று, 'குளிர்கால வட அத்திலாந்திக்' என்ற கோடு. கோடு கீழே இறங்க இறங்க ஏற்றக்கூடிய சரக்கும் குறையும். குளிர்காலக் கோடு, கோடைக் கோட்டின்படி கப்பல் அமிழும் ஆழத்தில் 48இல் ஒரு பங்கு கீழே இருக்கும். கோடையில் 9.6 மீற்றர் அமிழும் கப்பல் குளிர்காலத்தில் 20 சென்ரிமீற்றர் குறைவாகவே அமிழலாம். 150 மீற்றர் நீளமும் 25 மீற்றர் அகலமும் கொண்ட கப்பலுக்கு அது ஏறக்குறைய 600 தொன். அவ்வளவு சரக்கும் அதற்கான கூலியும் கரையில் நின்றுவிடும்.

கப்பல்காரருக்கு இது வெளிப்படையான நட்டம். ஆனாலும் கோடு வரையப்பட்டுவிட்டது. அன்றைய தினம் வெயில் எறித்தாலும், சரக்குக்காரர் கெஞ்சினாலும் கோடு மேலே ஏறாது.

அத்திலாந்திக்கின் குளிர்காலம்

குளிர்காலத்தில் வட அத்திலாந்திக் ஏன் இப்படிச் சீறுகிறது? கனடாப் பக்கமிருந்து வரும் உறைகுளிர் காற்று, அமெரிக்கக் கரையோரமாக வடக்கே செல்லும் வெந்நீரோட்டத்தின் மேலுள்ள சூடான காற்றைச் சந்திக்கிறது. அந்தச் சந்திப்பில் தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகி ஐரோப்பாவை நோக்கி ஓடுகின்றன. அலையின் உயரத்தை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி வீசும் தூரம். அத்திலாந்திக்கில் இந்த மூன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. 2013 பெப்ரவரி 4ஆம் திகதி ஐஸ்லாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே ஒரு மிதவை 19 மீற்றர் அலை உயரத்தைப் பதிவு செய்தது. ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம் அது.

இந்தக் கடலை உல்லாசப் பயணிகளுடன் கடக்கும் கப்பல்களும் உள்ளன. 2004இல் சேவைக்கு வந்த 'குயின் மேரி 2' அவற்றில் பெயர் பெற்றது. 345 மீற்றர் நீளம். சவுதாம்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே பெரும்பாலும் ஏழு இரவுப் பயணம். கூரிய முகப்பு, உறுதியான உடல், ஆட்டத்தைக் குறைக்கும் பக்கத் துடுப்புகள் என்று இந்தக் கடலை மனதில் வைத்தே அதைக் கட்டினார்கள்.

ஏனைய உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை குளிர்கால வட அத்திலாந்திக்குடன் மல்லுக்கட்டுவதில்லை. கோடையில் மத்தியதரைக் கடலில் ஓடுபவை, ஒக்டோபர் நவம்பரில் கனேரித் தீவுகள் பக்கமாகத் தெற்கே இறங்கி, சாந்தமான பாதையால் கரீபியன் கடலுக்குச் சென்றுவிடும். சித்திரையில் மீண்டும் திரும்பும். இந்த இடமாற்றப் பயணங்களில் கட்டணம் வழமையாக மலிவு. கப்பலைச் சும்மா கட்டிவைப்பதுமில்லை, புயலுக்குள் கொண்டுபோய் விடுவதுமில்லை. பருவம் எங்கே நல்லதோ அங்கே முதலை நகர்த்துகிறார்கள்.

அப்படியும் சில வேளைகளில் கடல் முந்திக்கொள்ளும். 2023 நவம்பரில் கனேரித் தீவுகளை நோக்கிச் சென்ற 'ஸ்பிரிட் ஒஃப் டிஸ்கவரி' என்ற பிரித்தானியக் கப்பல், புயல் காரணமாகப் பயணத்தை முறித்துக்கொண்டு திரும்பும் வழியில் பிஸ்கே விரிகுடாவில் அகப்பட்டது. சுமார் 100 பயணிகள் காயமடைந்தனர். அதே விரிகுடாவில் 2014 பெப்ரவரியில் 'ஸ்வென்ட்போர்க் மேர்ஸ்க்' என்ற சரக்குக் கப்பல் 517 கொள்கலன்களைக் கடலில் இழந்தது. அவற்றில் பெரும்பாலானவை வெற்றுக் கொள்கலன்களாக இருந்தது சரக்குக்காரர்களின் அதிர்ஷ்டம்.

நமது கடல் சிறியது, ஆனால் சாதுவல்ல

இனி நமது பக்கம் வருவோம். பருவக்காற்றைக் குறிக்கும் 'மொன்சூன்' என்ற சொல்லே 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. பருவம் என்பது அதன் பொருள். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அரபு மாலுமி இப்னு மாஜித், எந்தத் துறையிலிருந்து எந்தக் காலத்தில் பாய் விரிக்க வேண்டும் என்று நூலே எழுதி வைத்தார். நமது கரையோர மக்கள் வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயரிட்டுத் தொழில் செய்தார்கள்.

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் வருடத்தை நான்காகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம். வன்னியின் மழையில் பெரும்பங்கு கடைசி இரண்டிலும்தான் கிடைக்கிறது. முல்லைத்தீவுக் கரை வடகிழக்கைப் பார்த்தபடி திறந்து கிடக்கிறது. வாடைக்காற்று விரிகுடா முழுவதையும் கடந்து வந்து நேராக அங்கே மோதுகிறது.

பாக்கு நீரிணையில் வேறொரு தொல்லை உண்டு. அங்கே ஆழம் மிகக் குறைவு. ஆழக்கடலில் நீளமாக உருண்டு வரும் அலை, தரையை உணர்ந்ததும் வேகம் குறைந்து, நெருங்கி, செங்குத்தாக எழும். இரண்டு மீற்றர் அலை பெருங்கடலில் பெரிய கப்பலுக்கு ஒரு பொருட்டே அல்ல. அதே அலை ஆழமற்ற நீரிணையில் சிறிய பயணிகள் கப்பலைப் புரட்டி எடுத்துவிடும். ஆழமற்ற கடல் பெரிய கப்பலையும் விட்டுவைப்பதில்லை. 2019 ஜனவரி முதலாம் திகதி இரவு, 395 மீற்றர் நீளமான 'எம்.எஸ்.சி. ஸோ' நெதர்லாந்துக் கரையோரம் ஆழம் குறைந்த பாதையில் சென்றபோது 342 கொள்கலன்களை இழந்தது. ஆழமற்ற நீரில் கப்பல் அளவுக்கு மிஞ்சி ஆடியமையை நெதர்லாந்தின் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

நாகப்பட்டினம் காங்கேசன்துறை பயணிகள் கப்பல் சேவையின் கதையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி 'செரியபாணி' என்ற கப்பலுடன் அது ஆரம்பமானது. தூரம் ஏறக்குறைய 60 கடல் மைல். சில நாட்களிலேயே, அதே மாதம், வடகீழ்ப் பருவக் காலநிலையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கி, நவம்பரில் கடல் நிலை காரணமாக நின்று, 2025 பெப்ரவரியில் திரும்பவும் தொடங்கியது. மாறாக 2023இல் சென்னையிலிருந்து 'கோர்டேலியா' உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது ஜூன் மாதத்தில். அக்காலத்தில் வடக்குக் கரையில் வாடை இல்லை.

இதிலிருந்து நமது வியாபாரிகள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. நீரிணைக் கப்பலை நம்பித் துணியோ, பாத்திரமோ, மசாலாவோ கொண்டுவரத் திட்டமிடுபவர், அதைப் பன்னிரண்டு மாத வியாபாரமாகக் கணக்குப் போடக்கூடாது. எட்டு மாத வியாபாரம் என்றே கணக்கிட வேண்டும். எட்டு மாத இலாபம் பன்னிரண்டு மாதக் கடை வாடகையைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். தாங்காவிட்டால் அந்த வியாபாரம் முதலாவது மாரியிலேயே படுத்துவிடும்.

அத்திலாந்திக்கைக் கடந்த வல்வெட்டித்துறைக் கப்பல்

நமது மண்ணில் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று அத்திலாந்திக்கைக் கடந்த வரலாறும் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்ற கப்பலை வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தமது மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்றார்கள். சூயஸ் வழியாக, மத்தியதரைக் கடலைக் கடந்து, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அது அடைந்தது. ஓகஸ்ட் அங்கே கோடைக்காலம். துணிச்சல் மிக்க அந்தப் பயணமும் குளோஸ்டரில் முடிந்தது குளிர்காலத்தில் அல்ல, கோடையில்.

தொழிலை முன்னிட்டுப் பருவத்தோடு நகர்பவர்களைப் பார்க்க நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் தமது கரையில் தென்மேற்குப் பருவம் தொடங்கும்போது கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைப்பார்கள். வாடைக்கு முன்னர் திரும்பிவிடுவார்கள். கரீபியனுக்குப் போகும் உல்லாசக் கப்பலும் இவர்களும் செய்வது ஒரே காரியம்தான். கருவாடு வாங்கி விற்கும் நெடுங்கேணி வியாபாரிக்கு இந்தக் கணக்கு பிரயோசனமானது. வாடிகள் நிறைந்த காலத்தில் வாங்கி நன்றாகக் காயவைத்து, ஈரம் படாத இடத்தில் சேர்த்து வைத்தவருக்கே மாரியில் விலை கிடைக்கும். மாரியில் தேடி ஓடுபவர் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டிவரும்.

சட்டம் சொல்லும் நல்ல மாதம்

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. சுமைக்கோட்டு உடன்படிக்கையின்படி வங்காள விரிகுடா மே முதலாம் திகதியிலிருந்து நவம்பர் 30 வரை 'கோடை' வலயம். டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து ஏப்ரல் 30 வரை 'வெப்பமண்டல' வலயம். அதாவது டிசம்பர் பிறந்ததும் கப்பல் கூடுதலாகப் பாரம் ஏற்றலாம். 34 நொட்டும் அதற்கு மேலும் வீசும் கடுங்காற்று நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இராத கடலைத்தான் வெப்பமண்டல வலயம் என்று வகுத்திருக்கிறார்கள். நீண்டகாலச் சராசரியின்படி அது சரி.

ஆனால் 1964 டிசம்பர் 22ஆம் திகதி வன்னியை ஊடறுத்துச் சென்ற சூறாவளி அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. ரயில் வண்டியொன்று பயணிகளுடன் கடலுக்குள் போனது. பாம்பன் பாலம் சிதைந்தது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நடந்துவந்த கப்பல் போக்குவரத்தின் இந்தியத் துறையே இல்லாமற் போனது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி 'புரேவி' திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்து வன்னி வழியாகவே மேற்கே சென்றது. இரண்டும் சட்டம் நல்லதென்று சொல்லும் மாதத்தில் வந்தவை. 2025 நவம்பர் 28இல் கிழக்குக் கரையைத் தாக்கிய 'டித்வா' நாடெங்கும் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்து 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது.

எனவே சராசரியைக் கொண்டு வருடத் திட்டம் போடலாம். அன்றாடத் தீர்மானத்தை அன்றைய அறிவித்தலைக் கொண்டுதான் எடுக்க வேண்டும். அறிவித்தலில் வரும் சொற்களுக்கும் அளவு உண்டு. சர்வதேச அளவுகோலில் 'மிதமான' கடல் என்றால் அலை 1.25 முதல் 2.5 மீற்றர். 'கொந்தளிப்பு' என்றால் 2.5 முதல் 4 மீற்றர். 'மிகு கொந்தளிப்பு' என்றால் 4 முதல் 6 மீற்றர். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தாக்கம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள். மணிக்கு 30 கிலோமீற்றருக்குத் தாங்கிய கடைக்கூரை 60க்குத் தாங்கும் என்று எண்ணக்கூடாது.

கடலில் எறிந்தது யாருடைய பொருள்?

1344இல் இலங்கையிலிருந்து மறுகரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் கடுங்காற்றில் அகப்பட்டு ஆழமற்ற இடத்தில் சிக்கியது. பயணிகள் தம்மிடமிருந்தவற்றைக் கடலில் எறிந்தார்கள், பாய்மரத்தை வெட்டித் தள்ளினார்கள் என்று அவரது பயணக் குறிப்பு சொல்கிறது. கப்பலைக் காப்பாற்ற ஒருவரின் பொருளை எறிந்தால், நட்டம் யாருக்கு?

கடல் வாணிபச் சட்டம் இதற்குப் பழங்காலந்தொட்டே விடை வைத்திருக்கிறது. எல்லோரையும் காக்கச் செய்த தியாகத்தை எல்லோரும் பங்கிட வேண்டும். இதைப் பொது இழப்புப் பங்கீடு என்கிறார்கள். கப்பலும் சரக்கும் சேர்ந்து 200 கோடி ரூபாய் பெறுமதி, காப்பாற்றுவதற்காக இழந்தது 10 கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் பங்கும் நூற்றுக்கு 5. உங்கள் 20 இலட்சம் ரூபாய்ச் சரக்கில் ஒரு கீறல்கூட விழாவிட்டாலும், ஒரு இலட்சம் ரூபாயைப் பொறுப்பேற்ற பின்னர்தான் அது கையில் கிடைக்கும். 2021இல் சூயஸ் கால்வாயில் சிக்கிய 'எவர் கிவன்' கப்பலின் சரக்குக்காரர்களுக்கு இதுவே நேர்ந்தது. காப்புறுதி எடுத்திருந்தவர்களின் பங்கைக் காப்புறுதி நிறுவனம் பார்த்துக்கொள்ளும். எடுக்காதவர் தமது பையிலிருந்து கட்டுவார்.

சிறு அளவில் இறக்குமதி தொடங்கும் நண்பர்கள் கடற் காப்புறுதியில் மூன்று விடயங்களைக் கேட்டுத் தெளிய வேண்டும். முதலாவது, பத்திரம் 'ஏ', 'பி', 'சி' என்ற எந்த வகை? 'சி' மலிவானது. ஆனால் அலை அடித்துக் கொள்கலன் கடலில் விழுந்தால் 'சி' வகை ஈடு தராது, 'பி' தரும். 'ஏ' மிக விரிவானது. இரண்டாவது, தாமதம். புயலால் கப்பல் பிந்தி, பண்டிகை கழிந்த பின்னர் சாமான் வந்தால், அந்த நட்டத்தை இந்த மூன்று வகைகளும் ஏற்பதில்லை. மூன்றாவது, காப்புறுதி துறைமுகத்தோடு முடிகிறதா, உங்கள் களஞ்சியம் வரை வருகிறதா? கொழும்பிலிருந்து புளியங்குளம் வழியாக நெடுங்கேணி வரும் லொறியும் மாரியில் ஒரு கப்பல்தான்.

நமது சுமைக்கோடு

கப்பல் சட்டத்திலிருந்து நாம் கற்க வேண்டியது அளவை அல்ல, ஒழுங்கை. கோடு கப்பல் கட்டும் தளத்தில், புயல் இல்லாத நேரத்தில் வரையப்படுகிறது. துறைமுகத்தில் பாரம் ஏற்றும்போது அதைப் பற்றிப் பேரம் பேச முடியாது. நம்மில் பலர் செய்வது மறுதலை. கடன் கேட்டு முகம் தெரிந்தவர் வந்து நிற்கும்போதுதான் எவ்வளவு கொடுப்பதென்று யோசிக்கிறோம். அப்போது கோடு தானாக மேலே ஏறிவிடுகிறது.

ஒரு உதாரணம். ஒருவரிடம் 40 இலட்சம் ரூபாய் முதல் இருக்கிறது. மாசி முடிவில் அறுவடைப் பணம் வரும் என்று நம்பி 25 இலட்சத்துக்குக் கடன் கொடுக்கிறார். புறக்கோட்டைக்குப் பின்திகதியிட்ட காசோலைகள் 15 இலட்சத்துக்கு. மழை பிந்தினாலும், வெள்ளம் நின்றாலும், அறுவடை ஒரு மாதம் தள்ளிப்போகும். காசோலை தள்ளிப்போகாது. கொப்பியில் இலாபம் இருக்கும், வங்கியில் காசு இருக்காது. பல நல்ல கடைகள் மூடப்பட்டது இப்படித்தான். ஆகவே கோடு இவ்வாறு இருக்கட்டும்: கொடுத்த கடனில் ஒரு சதமும் இரண்டு மாதத்துக்கு வராவிட்டாலும் காசோலைகள் திரும்பாத அளவுக்கு மேல் மாரியில் கடன் இல்லை. அந்த அளவை ஆவணியிலேயே கணக்கிட்டு எழுதி வையுங்கள்.

மற்றவை சிறிய காரியங்கள். சீமெந்து, சீனி, மா போன்ற ஈரம் ஏறும் சாமான்களை மாரிக்கு அளவாக எடுத்து, பலகை அடுக்கி நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். மண்ணெண்ணெய், மெழுகுதிரி, தறப்பாள், கயிறு போன்றவை புரட்டாதியிலேயே இறங்கிவிட வேண்டும். சனங்களுக்கு அவை தேவைப்படும் நாளில் வீதி மூடியிருக்கலாம். தட்டுப்பாடு வந்த நாளில் விலையை ஏற்றாதவரைத்தான் ஊர் மறுவருடமும் தேடி வரும். லொறி ஏற்றுவதற்கு முன்னர் சாரதியோடு மட்டும் பேசாமல் வானிலை அறிவித்தலையும் பாருங்கள். கொப்பியையும் பத்திரங்களையும் நீர் புகாத பையில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

குளிர்காலக் கோட்டுக்கு மேல் பாரம் ஏற்றாத கப்பல் ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கூலியை இழக்கிறது. ஆனால் அடுத்த பயணத்துக்கும் அது இருக்கிறது. ஆவணியில் கோடு வரைந்த கடையும், பங்குனியில் நெல் மூட்டைகள் வரும்போது திறந்திருக்கும்.